ஸ்லாப்டன் கரையில் ஓர் இரவு: பேய் ஆய்வுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் கடற்கரையில் இருக்கிறது ஸ்லாப்டன் சாண்ட்ஸ். இரண்டாம் உலகப் போரின் ஒரு பெருந்துயரத்தோடு சேர்த்துப் பேசப்படும் இடம் அது. பேய் ஆய்வுக் குழு ஒன்றோடு நான்கு முறை அங்கே இரவு முழுக்க இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் உறவினர், நண்பர், நண்பரின் நண்பர் என்று யாராவது கூப்பிட்டு அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன். போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் எனக்கு நிம்மதி.

அங்க அப்படி என்னதான் நடந்துச்சு?

பெயரில்தான் மணல். கரை முழுக்கக் கூழாங்கல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஸ்லாப்டன் லே என்கிற நன்னீர் ஏரி, நடுவே ஒடுங்கலான கல்மேடு, அதன் முதுகில் ஒரு சாலை. பிரான்சின் நார்மண்டியில் அமெரிக்கப் படை இறங்கவிருந்த யூட்டா கடற்கரையைப் போலவே இந்த இடம் அமைந்திருந்ததால் ஒத்திகைக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றியிருந்த ஸ்லாப்டன், டார்க்ராஸ், ஸ்ட்ரீட், பிளாக்காட்டன் முதலிய ஊர்களிலிருந்து சுமார் 3,000 பேரை, 1943 டிசம்பர் 20-க்குள் வீடு, வயல், ஆடுமாடு எல்லாவற்றையும் காலிசெய்யச் சொன்னார்கள்.

1944 ஏப்ரல் 22 முதல் 30 வரை நடந்த அந்த ஒத்திகைக்குப் பெயர் 'டைகர்'. 28-ஆம் தேதி அதிகாலை, டாங்கிகளும் வீரர்களும் ஏற்றிய எட்டு எல்.எஸ்.டி. கப்பல்கள் (டாங்கிகளைக் கரையிலேயே இறக்கக்கூடியவை) வரிசையாகக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. காவலுக்கு இருந்திருக்க வேண்டிய இரண்டு போர்க்கப்பல்களில் ஒன்று, முன்பே மோதலில் சேதமடைந்து பிளைமவுத் துறைமுகத்தில் நின்றிருந்தது. மிஞ்சியது அஸேலியா என்ற ஒரே சிறு கப்பல். உத்தரவைத் தட்டச்சு செய்ததில் நேர்ந்த பிழையால் எல்.எஸ்.டி. கப்பல்கள் ஒரு ரேடியோ அலைவரிசையிலும் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் வேறொன்றிலும் இருந்தன. ஷெர்பூர்க் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஈ-போட்டுகள் எனப்படும் ஒன்பது ஜெர்மன் டார்பிடோ படகுகள் இருட்டில் உள்ளே புகுந்தன.

507, 531 என்ற எண்களுடைய இரண்டு எல்.எஸ்.டி.கள் மூழ்கின. 289 பின்பகுதி சிதைந்த நிலையில் டார்ட்மவுத் போய்ச் சேர்ந்தது. இறந்தவர்கள் 749 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எண்ணிக்கை. ஒத்திகையில் கலந்துகொண்ட படைப்பிரிவு ஜூன் 6 அன்று உண்மையான யூட்டா கரையில் இறங்கியபோது இறந்தவர், காயப்பட்டவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்தே சுமார் 200 பேர்தான். ஒத்திகைக்குக் கொடுத்த விலை எவ்வளவு என்பது இதில் தெரியும்.

அப்போ அந்தக் கரையிலதான அத்தனை பேரும் செத்தாங்க?

இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே ஓர் அடிகூட வைக்க வேண்டாம். கப்பல்கள் தாக்கப்பட்டது கரையிலிருந்து பல மைல் தள்ளி, லைம் விரிகுடாவில். பலர் கப்பலின் அடித்தளத்தில் டாங்கிகளுக்கும் தீக்கும் நடுவே சிக்கிக்கொண்டார்கள். தண்ணீரில் குதித்தவர்களில் பலர் உயிர்காப்புப் பட்டையை அக்குளுக்குக் கீழே கட்டாமல், முதுகுச் சுமை இடைஞ்சல் செய்ததால் இடுப்பில் கட்டியிருந்தார்கள். பட்டை ஊதியதும் சுமையின் கனம் அவர்களைத் தலைகுப்புறக் கவிழ்த்தது. மற்றவர்களைக் குளிர் கொன்றது. எல்.எஸ்.டி. 515 என்ற கப்பல் திரும்பி வந்து ஆட்களைத் தூக்கியிருக்காவிட்டால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

முந்தின நாள், 27-ஆம் தேதி, ஸ்லாப்டன் கரையிலேயே உண்மையான குண்டுகளை வைத்து நடத்திய பயிற்சியில் நேரக் குழப்பத்தால் சொந்தப் படையின் குண்டுக்கே வீரர்கள் பலியானார்கள் என்று சொல்வதுண்டு. நேரம் ஒரு மணி தள்ளிவைக்கப்பட்டதும், அந்தச் செய்தி சில படகுகளுக்குப் போய்ச் சேராததும் உண்மை. பலி எண்ணிக்கையோ சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. அதனால் "இந்தக் கல்மேல் ரத்தம் சிந்தியவர்களே" என்று ஒரு குழுத்தலைவர் ஆரம்பித்தால், அவர் வரலாற்றைப் படிக்காமல் வந்திருக்கிறார் என்று பொருள்.

டார்க்ராஸ்ல கருப்பா ஒரு டாங்கி நிக்குதே, அது அந்தக் கப்பல்ல இருந்ததுதானா?

அதுவும் இல்லை. அது தண்ணீரில் மிதந்து கரையேறும்படி மாற்றப்பட்ட ஷெர்மன் டாங்கி. பயிற்சியின்போது டார்க்ராஸுக்கு நேரே, கரையிலிருந்து ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில் மூழ்கியது. டார்பிடோ பட்ட கப்பல்களுக்கும் அதற்கும் இடையே எத்தனையோ மைல் கடல் இருக்கிறது.

அதை வெளியே கொண்டுவந்தவர் கென் ஸ்மால். டார்க்ராஸில் சிறு விடுதி நடத்தியவர். மனம் தளர்ந்திருந்த காலத்தில் தினமும் கரையில் நடந்து, அலை ஒதுக்கும் பொத்தான், தோட்டா, நாணயம் என்று பொறுக்கிக்கொண்டிருந்தார். மீனவர்கள் சொல்லித்தான் கடலடியில் ஏதோ கிடப்பது அவருக்குத் தெரிந்தது. 1974-இல் அமெரிக்க அரசிடம் 50 டாலர் கொடுத்து அந்த டாங்கியை விலைக்கு வாங்கினார். அதைக் கரைக்கு இழுக்க மேலும் பத்து வருடம் ஆனது. 1984-இல் மேலே வந்த டாங்கிதான் இன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. 2004-இல் அவர் இறக்கும்வரை, தேடி வந்த முதிய வீரர்களையும் இறந்தவர்களின் குடும்பத்தாரையும் அவரே வரவேற்றுக் கூட்டிப்போய்க் காட்டினார். இந்தக் கரையில் நான் யாரையாவது மனதில் கும்பிட வேண்டுமென்றால் முதலில் அவரைத்தான்.

நாப்பது வருஷம் இதை மூடி மறைச்சாங்களாமே?

பாதி உண்மை. அப்போது யாரும் வாய்திறக்கக் கூடாது என்று கடுமையான உத்தரவு இருந்தது. காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர்களுக்கும் அதே உத்தரவுதான். காரணம், நார்மண்டித் திட்டம் தெரிந்த பத்து அதிகாரிகள் காணாமற்போயிருந்தார்கள். ஒருவர் ஜெர்மானியர் கையில் உயிரோடு சிக்கியிருந்தாலும் முழுத் திட்டமும் போயிற்று. பத்துப் பேரின் உடலும் கிடைத்த பிறகே மூச்சுவிட்டார்கள்.

ஆனால் படை இறங்கிய பிறகு, 1944 ஆகஸ்டிலேயே உயிரிழப்பு எண்ணிக்கை வெளியிடப்பட்டது. நார்மண்டியின் பெரிய செய்திகளுக்கு அடியில் அது அமுங்கிப்போனது. உத்தரவை யாரும் நீக்கிச் சொல்லாததால், உயிர்தப்பியவர்கள் பலர் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வயதானார்கள். 1954-இல் அமெரிக்க ராணுவம் கரையில் நட்ட கல்தூண்கூட ஊரைக் காலிசெய்து கொடுத்த மக்களுக்குத்தான் நன்றி சொல்கிறது. இறந்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

பக்கத்து வயல்ல மொத்தமா புதைச்சிட்டாங்கன்னு யூடியூப்ல பாத்தேன். அங்கயும் போவீங்களா?

மாட்டோம். மொத்தப் புதைகுழி என்பது ஊர்ப்பேச்சு. அதற்குச் சான்று எதுவும் வெளிவரவில்லை. மீட்கப்பட்ட உடல்கள் புரூக்வுட் கல்லறைக்குக் கொண்டுபோகப்பட்டு, போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் அருகே மாடிங்லியில் உள்ள அமெரிக்கக் கல்லறைக்கும், குடும்பத்தார் கேட்டபோது அமெரிக்காவுக்கும் மாற்றப்பட்டன. அந்த வயல்கள் இன்றும் உழப்படுகிற தனியார் நிலங்கள். இரவில் வேலி தாண்டிப் போய் நிற்பது ஆய்வே இல்லை.

பேய் ஆய்வுன்னா ராத்திரி பூரா என்ன செய்வீங்க?

பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்போம். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு சுற்று நடந்து, தெருவிளக்கு எங்கே, மின்கம்பி எங்கே, வீடுகள் எங்கே என்று குறித்துக்கொள்வோம். இருட்டியதும் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து ஒலிப்பதிவுக் கருவி, மின்காந்த மீட்டர், வெப்பமானி, கேமரா ஆகியவற்றை வைத்துவிட்டு, மணி, காற்று, கடந்துபோன வாகனம் எல்லாவற்றையும் எழுதுவோம். இந்த எழுத்து வேலைதான் உயிர்நாடி. 'ஒரு மணி பத்து நிமிடம், நான் இருமினேன்' என்று எழுதாமல் விட்டால், மறுநாள் பதிவில் கேட்கும் அந்த இருமல் பேயாகிவிடும்.

கல்லுல பூட்ஸ் போட்டு யாரோ நடக்குற சத்தம் எல்லாருக்கும் கேக்குதாமே, அதுக்கு என்ன சொல்றீங்க?

எனக்கும் கேட்டது. முதல் இரவில் முதுகு சில்லிட்டது. அலை பின்வாங்கும்போது ஆயிரக்கணக்கான கூழாங்கற்களை உருட்டி இழுத்துக்கொண்டு போகிறது. வரிசையாக ஆட்கள் நடப்பது போன்ற அந்தத் தாளம் அதனால் வருவது. கரை செங்குத்தாக இறங்குவதால் அலை இடைவெளி விட்டு ஓங்கி அடிக்கிறது. நீங்கள் நடந்து முடித்து நின்ற பிறகும் உங்கள் காலடிக் கற்கள் கொஞ்ச நேரம் சரிந்து அடங்கும். பின்னால் யாரோ வந்து நின்றது போலவே இருக்கும்.

அடுத்த முறை ஒரு சோதனை செய்தோம். எல்லோரும் அசையாமல் கால் மணி நேரம் நின்று, ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளில் பதிவுசெய்தோம். ஒன்று நீரோரம், இன்னொன்று ஏரிப்பக்கம். 'நடை' ஒவ்வொன்றும் அலையோடு பொருந்தி நீரோரக் கருவியில்தான் பலமாக விழுந்திருந்தது. ஏரிப்பக்கம் கேட்கும் முனகல், கத்தல் வேறு விஷயம். அது நாணல் நிறைந்த இயற்கைக் காப்பிடம். இரவில் குரல் கொடுக்கும் பறவைகள் அங்கே உண்டு, நரியும் உண்டு. பெண் நரி கத்துவதை முதன்முறை கேட்பவர் மனிதக் குரல் என்றே சத்தியம் செய்வார்.

ஏரி மேல வெளிச்சம் வந்து வந்து போச்சு. நானே என் கண்ணால பாத்தேன்.

பார்த்திருப்பீர்கள். தெற்கே விரிகுடா முடியும் முனையில் ஸ்டார்ட் பாயிண்ட் கலங்கரை விளக்கம் இருக்கிறது, 1836-இலிருந்து. பத்து நொடிக்கு ஒருமுறை மூன்று தடவை மின்னும். உங்கள் வெளிச்சத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று மின்னல், ஓர் இடைவெளி என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது. இல்லையென்றால் சாலையில் வளைந்து வரும் காரின் முகப்பு விளக்கா என்று பாருங்கள். படங்களில் மிதக்கும் வெள்ளை உருண்டைகளோ, லென்சுக்கு மிக அருகே பறக்கும் உப்புத்துளிமேல் ஃபிளாஷ் பட்டுத் தெறிப்பது. கடலோரத்தில் அவை இல்லாத படம் எடுப்பதுதான் கடினம்.

மீட்டர் சிவப்புக்குப் போச்சுன்னா பேய் வந்துடுச்சுன்னு அர்த்தமா? டாங்கி பக்கத்துல திடீர்னு குளிருதாமே?

மீட்டர் மின்காந்தப் புலத்தை அளக்கிறது, அவ்வளவுதான். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி கோபுரத்தைத் தேடினாலே விளக்குகள் எகிறும். எல்லோருடைய கைப்பேசியையும் அணைத்து வண்டியில் வைத்த இரவில், எங்கள் மீட்டர் விடியும்வரை அசையவில்லை.

டாங்கி முப்பது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு. இரவில் அதன் அருகே கைநீட்டினால் குளிரத்தான் செய்யும். துப்பாக்கி வடிவ லேசர் வெப்பமானி காற்றின் வெப்பத்தை அளக்காது, எதிரே இருக்கும் பரப்பின் வெப்பத்தைத்தான் அளக்கும். அதை வெட்டவெளியில் நீட்டி "இங்கே ஓர் உருவம்" என்று சொல்வதில் பொருளே இல்லை.

ஸ்பிரிட் பாக்ஸ் வெச்சு அவங்ககிட்ட பேச முடியுமா?

ரேடியோ நிலையங்களை நொடிக்குப் பல முறை தாவித் தாவித் திருப்பும் பெட்டி அது. 2002 வாக்கில் அமெரிக்காவில் ஒருவர் உருவாக்கியது பரவியது. கரகரப்புக்கு நடுவே துண்டு துண்டாகச் சொற்கள் விழும். நம் மூளை அவற்றை ஒட்டவைத்துப் பதிலாக்கிக்கொள்ளும். எதிர்பார்ப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒட்டும். குரல்பதிவு வேட்டையே இப்படித்தான் தொடங்கியது: 1959-இல் சுவீடனில் ஃபிரெட்ரிக் யூர்கென்சன் பறவைக் குரலைப் பதிவுசெய்யப் போய், அதில் மனிதக் குரல் கேட்பதாகச் சொன்னார்.

இந்தக் கரையில் அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் பதிலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பையன்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராதது ஒரு தவறான அலைவரிசையால். உயிர்தப்பியவர்களின் வாயைக் கட்டியது ஓர் உத்தரவு. அப்படி இருமுறை குரல் மறுக்கப்பட்டவர்களின் வாயில், ஏதோ ஒரு வானொலி விளம்பரத்தின் அரைச் சொல்லை எடுத்துத் திணிப்பது எனக்குத் தாங்கவில்லை. இரண்டாவது முறை சென்றபோது குழுவில் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் சாமான்களில் அந்தப் பெட்டி கிடையாது.

ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் சரியா நடக்கும்கிறாங்க. தாக்குதல் நடந்த நேரமாம்.

தாக்குதல் அதிகாலை இரண்டு மணியை ஒட்டி நடந்ததாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் 1944 ஏப்ரலில் பிரிட்டனின் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடியது. போர்க்கால ஏற்பாடு. இப்போதைய ஏப்ரலில் ஒரு மணி நேரம்தான் முன்னால். அன்றைய இரண்டு மணியும் உங்கள் கைக்கடிகாரத்தின் இரண்டு மணியும் ஒரே கணம் அல்ல. இடமும் இதுவல்ல என்று மேலேயே பார்த்தோம். இரண்டு மணிக்கு மனிதனுக்குத் தூக்கம் அழுத்தும், உடல் சூடு இறங்கும், அரைத்தூக்கத்தில் காதும் கண்ணும் தப்பாகச் சொல்லும். அந்த நேரத்தில் 'நடப்பதற்கு' இது போதுமான காரணம்.

ஹால்சாண்ட்ஸும் பக்கத்துலதானே? அதையும் சேர்த்துப் பாத்துடலாமா?

பகலில் மேலிருந்து பாருங்கள். 1917 ஜனவரி 26-ஆம் தேதிப் புயலில் அந்த மீனவ ஊர் இடிந்தது. கப்பல்துறைக் கட்டுமானத்துக்காக அதன் முன்னிருந்த கல்கரையைத் தோண்டி எடுத்ததுதான் காரணம். அன்று யாரும் இறக்கவில்லை. இடிபாடுகள் ஆபத்தானவை, உள்ளே போக அனுமதி இல்லை.

ராத்திரில போறது பாதுகாப்பா? மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டுப் போகலாமா?

தண்ணீரை விட்டுத் தள்ளி இருந்தால் பாதுகாப்புதான். கரை சட்டென்று ஆழமாவதால் முழங்கால்வரை இறங்குவதே ஆபத்து. கிழக்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் போகவே வேண்டாம். 2001-இலும் 2018-இலும் கடல் அந்தச் சாலையையே பெயர்த்துப் போட்டது. யாராவது தண்ணீரில் விழுந்தால் நீங்களும் குதிக்காமல் அவசர எண் 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

டிடெக்டர் வேண்டாம். ஏரியும் கரையும் சட்டப் பாதுகாப்பில் உள்ள இயற்கைப் பகுதி, தோண்டக் கூடாது. தவிர, உண்மையான குண்டுகளை வைத்துப் பயிற்சி செய்த இடம் இது. துருப்பிடித்த உருளை எதையாவது பார்த்தால் தொடாமல் விலகி, அதே 999-க்குச் சொல்லுங்கள். டார்க்ராஸில் கடலைப் பார்த்த வீடுகளில் மக்கள் தூங்குகிறார்கள். கத்திக் கூப்பிடுவது, டாங்கிமேல் ஏறிப் படம் எடுப்பது இரண்டையும் செய்பவர்களோடு நான் போவதில்லை.

நீங்க நம்புறீங்களா, இல்லையா? நேரா சொல்லுங்க.

ஆவி என்று ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு உண்டு. ஸ்லாப்டனில் நான்கு இரவுகளில் அதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை. அங்கே எனக்கு உண்மையாக நேர்ந்தது வேறு. நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதன் பொருள் மூன்றாவது இரவில்தான் உள்ளே இறங்கியது. கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டு, கருப்பாக இருந்த கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குழுவில் ஒருவர் அழுதார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இது செத்தவங்களுக்கு அவமரியாதை இல்லையா?

எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நினைவுச்சின்னத்துக்குப் பூ வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று படித்துவிட்டு, இரவில் அமைதியாக உட்கார்ந்திருப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை. "தைரியம் இருந்தால் வெளியே வா" என்று சீண்டுவது, அடையாளம் கிடைக்க வேண்டி மிரட்டுவது, காசு வாங்கிக்கொண்டு அலறல் காட்டுவது எல்லாம் அவமரியாதைதான். எரியும் கப்பலிலிருந்து குதித்தவர்களின் தைரியத்தைச் சோதிக்க நாம் யார்?

எங்க பதிவுல ஒரு பேர் ரொம்பத் தெளிவா கேக்குது. இறந்தவங்க பட்டியல்லயும் அந்தப் பேர் இருக்கு. குடும்பத்தைத் தேடிச் சொல்லிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 749 அமெரிக்கர்களின் பட்டியலில் ஜான், வில்லியம், ராபர்ட் எதைத் தேடினாலும் கிடைக்கும். மங்கலான எந்த ஒலியும் ஏதோ ஒரு பெயரில் போய் உட்காரும். உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. பட்டியலைப் பார்க்காத, ஸ்லாப்டன் என்றே சொல்லப்படாத ஐந்து பேருக்கு அந்தத் துண்டைத் தனித்தனியாகப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குக் கிடைத்த 'பெயர்' ஒன்றை அப்படிக் கொடுத்தபோது ஐந்து தாளில் ஐந்து வெவ்வேறு சொற்கள் வந்தன.

அந்தக் குடும்பம் எண்பது வருடமாக அந்த இழப்போடு வாழ்ந்திருக்கிறது. பலருக்கு எங்கே, எப்படி இறந்தார் என்றுகூட நெடுநாள் தெரியாது. அவர்களிடம் ஓர் இரைச்சலைக் கொண்டுபோய் "உங்கள் மாமா பேசினார்" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. பெயர்கள் உங்களை விடவில்லை என்றால் மாடிங்லிக்குப் போங்கள், பகலில். அங்கே உடல் கிடைக்காதவர்களின் சுவரில் 5,127 பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 28 ஏப்ரல் 1944 என்ற தேதியைத் தேடிக்கொண்டு மெதுவாக நடந்து வாசியுங்கள்.